பட்டுப்பூச்சி ஓட்டிய வண்டி

டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஓடிய அந்த வண்டிக்கு இரண்டு சக்கரம், இரண்டு மோட்டார். ஓட்டுநர் ஓர் ஆண் பட்டுப்பூச்சி. கூட்டைத் துளைத்து வெளியே வந்த வெள்ளைப் பூச்சியின் முதுகை மேலிருந்து ஒரு மெல்லிய பிடியில் ஒட்டியிருந்தார்கள். கால்களுக்கு அடியில் காற்றில் மிதக்கும் இலேசான பந்து. பூச்சி நடந்தால் பந்து உருளும். எந்தப் பக்கம் எவ்வளவு உருண்டது என்பதைச் சென்சார் படித்துச் சக்கரங்களுக்குச் சொல்லும். பெண் பூச்சியின் வாசனை எதிரிலிருந்து காற்றில் வந்ததும் ஆண் பூச்சி சிறகைப் படபடவென்று அடித்தபடி நடந்தது. வண்டி வாசனை புறப்பட்ட இடத்தைப் போய்ச் சேர்ந்தது.

ரியோஹெய் கன்சாகியின் குழு 2013-இல் வெளியிட்ட ஆய்வு இது. அதில் வண்டியைவிட வியப்பான பகுதி ஒன்று உண்டு. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே வண்டியைக் கெடுத்தார்கள். ஒரு மோட்டாரை மற்றதைவிட வேகமாகச் சுழலவிட்டு, வண்டி எப்போதும் ஒரு பக்கமே இழுத்துக்கொண்டு போகும்படி செய்தார்கள். பூச்சி திரும்புவதற்கும் வண்டி திரும்புவதற்கும் நடுவே தாமதத்தைப் புகுத்தினார்கள். பட்டுப்பூச்சி இனம் தன் வரலாற்றில் சந்தித்தேயிராத கோளாறுகள் இவை. இருந்தும் பூச்சிகள் வண்டியை எதிர்ப்பக்கம் திருப்பித் திருப்பிச் சமாளித்தன.

வண்டியை ஓட்டியது யார்? பொறியாளருக்கு இது ஒரு கட்டுப்பாட்டுச் சுற்றின் கணக்கு. சமயத்தையும் தத்துவத்தையும் பொறுத்தவரை மிகப் பழைய கேள்வி. தேடுதல் என்ற செயல் நடந்தால் தேடுகிற ஒருவர் இருந்தாக வேண்டுமா? வாசனை பிடித்துப் போகும் பூச்சியைப் போல இந்தக் கேள்விக்குப் பொருத்தமான உயிர் வேறில்லை. அதன் தேடலைப் பிரித்துப் பார்க்கலாம், அளக்கலாம், இப்போது உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் திரும்பக் கட்டவும் முடிகிறது.

தெற்குப் பிரான்சின் செரிஞான் ஊரில் பூச்சியியலாளர் ழான் ஆன்றி ஃபாப்ர் இந்தத் தேடலைக் கண்ணெதிரே கண்டார். ஒரு மே மாதக் காலையில் அவர் வீட்டில் பெரிய மயிற்கண் அந்துப்பூச்சி ஒன்று கூட்டிலிருந்து வெளிவந்தது. பெண் பூச்சி. கம்பிவலைக் கூண்டில் வைத்தார். இரவு ஒன்பது மணிக்கு அவருடைய சின்ன மகன் பால் அரைகுறை உடையோடு ஓடிவந்து அப்பாவைக் கூப்பிட்டான். அறை முழுக்கப் பறவை அளவுக்குப் பூச்சிகள். அந்த இரவில் ஏறக்குறைய நாற்பது ஆண் பூச்சிகள் இருட்டைக் கடந்து வந்திருந்தன. கூண்டருகே அந்துருண்டையை வைத்து நாற்றத்தால் திசைதிருப்பப் பார்த்தார். பூச்சிகள் சட்டை செய்யவில்லை. அப்படியானால் இது வாசனையே இல்லையோ என்றுகூட ஃபாப்ர் சந்தேகப்பட்டார்.

சந்தேகத்தைத் தீர்த்தது வேறோர் இன அந்துப்பூச்சி. அதன் பெண்ணைக் காற்றுப் புகாத கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, ஆண் பூச்சிகள் நுழையும் சன்னலுக்கு அருகிலேயே, நல்ல வெளிச்சத்தில் வைத்தார். அது இரவெல்லாம் தங்கியிருந்த மணல் தட்டும் வலைமூடியும் அறையின் மறுகோடியில் இருட்டு மூலையில் வெறுமனே கிடந்தன. உள்ளே வந்த ஆண்கள் கண்ணெதிரே இருந்த பெண்ணை ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நேரே வெற்று மூடியிடம் போய்ச் சிறகடித்தன. அவை தேடிவந்தது பெண்ணை அல்ல, பெண்ணின் மணத்தை. இந்தப் பரிசோதனையைப் படிக்கிற எவருக்கும் அந்தப் பூச்சிகள்மேல் ஓர் இரக்கம் வரும். கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: இது ஆசை இல்லை, வெறும் பொறி.

அந்தத் தீர்ப்புக்கு 20-ஆம் நூற்றாண்டு மேலும் பலம் சேர்த்தது. ஜெர்மனியில் வேதியியலாளர் அடால்ஃப் பூட்டெனான்ட் இருபது ஆண்டு உழைத்து, சுமார் ஐந்து லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து அந்த மணப்பொருளைப் பிரித்தெடுத்து 1959-இல் அறிவித்தார். அதற்குப் பாம்பிகோல் என்று பெயர். ஆண் பூச்சியின் சீப்பு போன்ற உணர்கொம்பில் அதன் ஒற்றை மூலக்கூறு பட்டாலே ஒரு நரம்பணு துடிக்கும் என்று பின்னர் தெரிந்தது. இத்தனை இலட்சம் உயிர்கள் ஒரு வேதிப்பெயருக்காகப் போயின என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும். பட்டுக்காகப் புழுக்கள் கொல்லப்படுவதால் பட்டு உடுத்த வேண்டாம் என்று வலியுறுத்திவந்த காஞ்சி சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், பட்டுக்குப் பேர்போன ஊரின் மடத்திலிருந்துதான் அதைச் சொன்னார். அதே பூச்சிதான் இது.

மணத்தைப் பிடித்துக்கொண்டு போவது கேட்பதற்கு எளிது. செய்வது கடினம். காற்றில் வாசனை மூலத்திலிருந்து படிப்படியாகக் குறைந்துகொண்டே வருவதில்லை. பூசையறையில் ஊதுபத்திப் புகை நெளிந்து, பிரிந்து, அறுந்து போவதைப் பார்த்தால் புரியும்: அடர்ந்த இழைகள், நடுநடுவே வெறுங்காற்று. பத்தியருகே இருப்பதைவிடத் தொலைவில் உள்ள ஓர் இழை ஒரு கணம் அடர்த்தியாக இருக்கவும் கூடும். ஆகவே, எங்கே மணம் அதிகமோ அங்கே போ என்ற விதி காற்றில் செல்லாது. பூச்சி வேறு வழி வைத்திருக்கிறது. மணத்தின் இழை ஒன்று கொம்பில் பட்டவுடன் காற்றை எதிர்த்து முன்னே பாயும். இழை நழுவினால் காற்றுக்குக் குறுக்கே இடமும் வலமுமாக வீசி வீசிப் பறந்து அடுத்த இழையைத் தேடும். மணம் பாயச் சொல்கிறது. திசையைக் காற்றுதான் சொல்கிறது. பறக்கும் அந்துப்பூச்சிகளில் இதை ஆய்வாளர்கள் ஜான் கென்னடியும் டேவிட் மார்ஷும் 1974-இல் காட்டினார்கள். பறக்க முடியாத பட்டுப்பூச்சி இதையே தரையில் செய்கிறது: நேராக ஓர் எட்டு, பிறகு வளைவுநெளிவு, பிறகு வட்டம்.

இரண்டு மூன்று விதிகள். ரோபோவுக்கு எழுதிக்கொடுத்துவிடலாம். கொடுத்தும் விட்டார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெலனி ஆண்டர்சனும் சகாக்களும் 2020-இல் காட்டிய ஸ்மெலிகாப்டர் என்ற கையளவு ட்ரோன், மணம் கிடைத்தால் எதிர்காற்றில் பாய்கிறது, இழந்தால் பக்கவாட்டில் வீசித் தேடுகிறது. ஆனால் அதன் மூக்கு மனிதர் செய்தது அல்ல. எந்தச் செயற்கைச் சென்சாரும் போதுமான வேகமும் நுட்பமும் தரவில்லை என்பதால் பருந்து அந்துப்பூச்சியின் உணர்கொம்பையே வெட்டி எடுத்து, இரண்டு முனையிலும் நுண்கம்பி செருகி, ட்ரோனில் பொருத்தினார்கள். உடலைவிட்டுப் பிரிந்த கொம்பு நான்கு மணி நேரம் வரை உயிர்த்துடிப்போடு வேலை செய்கிறது.

இந்த இடத்தில் பிரெஞ்சுத் தத்துவஞானி தெக்கார்த் எழுந்து வருவார். விலங்குகள் நுட்பமான கடிகாரங்கள், அவற்றுள் அனுபவிக்கிறவர் என்று ஒருவரும் இல்லை என்று 1637-இலேயே வாதாடியவர். இந்தியாவில் அவருக்கும் முந்தியவர்கள் சார்வாகர்கள்: புளித்த பண்டங்கள் சேரும்போது போதை தோன்றுவதுபோல் பூதங்கள் சேரும்போது அறிவு தோன்றுகிறது, ஆன்மா என்று தனியே ஏதுமில்லை என்றார்கள். மூளை ஆய்வாளர் வாலன்டினோ பிரைடன்பெர்க் 1984-இல் எழுதிய நூலில் இரண்டு சென்சார், இரண்டு மோட்டார் மட்டுமே உள்ள கற்பனை வண்டிகளைக் காட்டி, கம்பியை நேராகவோ குறுக்காகவோ இணைத்தாலே பார்ப்பவர் கண்ணுக்கு அவை அஞ்சுவதாகவும் நேசிப்பதாகவும் தெரியும் என்றார். ஆசையைப் பார்ப்பது பார்க்கிறவரின் பழக்கம் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

நியாய தரிசனத்துக்கு இது உண்மையான சங்கடம். ஆன்மா கண்ணுக்குத் தெரியாது. அதை அனுமானிக்க அடையாளங்கள் உண்டு என்று நியாய சூத்திரம் சொல்லும்: விருப்பு, வெறுப்பு, முயற்சி, இன்பம், துன்பம், அறிவு. இழுத்துச்செல்லும் வண்டியைத் திருப்பித் திருப்பி ஓட்டிய பட்டுப்பூச்சியிடம் முயற்சி இல்லை என்று யார் சொல்ல முடியும்? பக்கவாட்டில் வீசித் தேடும் ட்ரோனிடமும் அதே முயற்சி வெளியே தெரிகிறதே? அடையாளம் இரண்டிலும் ஒன்றானால் அனுமானம் உடைந்துபோகும்.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் உடைவதில்லை. அதைக் கவனித்தவர்கள் குறைவு. 13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் நூற்பாவில் உடலை மாயையால் ஆன இயந்திரம் என்றே சொல்லிவிடுகிறார். உடல் இயந்திரம் என்று காட்டினால் ஆன்மா காணாமல் போகும் என்பது தெக்கார்த் மரபின் அச்சம். மெய்கண்டாருக்கு அது வாதத்தின் தொடக்கம். கண், காது முதலிய பொறிகள் தாமாக எதையும் அறிவதில்லை. கண் பார்க்கிறது என்பதைக் கண் அறியாது. உயிரும் தானாக அறிந்துவிடுவதில்லை; உணர்த்தினால்தான் உணரும். பொறி இல்லாமல் உயிருக்கு உலகம் இல்லை, உயிர் இல்லாமல் பொறிக்கு அறிவு இல்லை.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஸ்மெலிகாப்டரைப் பார்த்தால் காட்சி மாறுகிறது. வெட்டிய கொம்பு நான்கு மணி நேரம் மின்துடிப்பு அனுப்புகிறது. அதிலுள்ள அணுக்கள் இறக்கவில்லை. ஆனால் அந்தத் துடிப்பு எவருக்கும் மணமாகப் போய்ச் சேர்வதில்லை. பூச்சியின் தலையிலிருந்தபோது சேர்ந்ததா? அதுதான் கேள்வி. ரோபோ கட்டியவர்கள் அதற்குப் பதில் சொல்லவில்லை, சொல்லவும் முயலவில்லை. ஒரு செயலை அனுபவம் இல்லாமலும் செய்யலாம் என்று மட்டுமே அவர்கள் காட்டினார்கள். பூச்சி அதை அனுபவம் இல்லாமல்தான் செய்கிறது என்பது அதிலிருந்து பிறக்காது.

உயிரியலில் இருந்தே இதற்கு எதிர்பாராத ஒரு துணை வந்தது. 2016-இல் ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ பாரனும் காலின் கிளைனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதுகெலும்பிகளில் அனுபவத்தின் அடித்தளம் மூளைப் புறணி அல்ல, நடுமூளை. இடத்தில் தன் உடல் எங்கே நகர்கிறது, சுற்றிலும் என்ன இருக்கிறது, இப்போது எது தேவை என்ற மூன்றையும் ஒன்றாக்கிப் பார்க்கும் பகுதி அது. பூச்சியின் மூளையிலும் அதே வேலையைச் செய்யும் அமைப்புகள் உள்ளன. ஆகவே பூச்சிக்கும் அகநோக்கு என்று ஒன்று இருக்கக்கூடும் என்பது அவர்கள் வாதம். வழி தேடுவதுதான் பூச்சியை இயந்திரமாகக் காட்டியது. இவர்கள் கணக்கில் பூச்சிக்குள் ஒருவர் இருக்கலாம் என்பதற்கு அந்த வழி தேடலே காரணமாகிறது.

துனீசியாவின் பாலைவன எறும்பைப் பார்த்தால் இந்த வாதத்தின் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். கொதிக்கும் மணலில் மணத்தடம் நிற்காது. அதனால் இந்த எறும்பு மணத்தடம் இடுவதில்லை. இரை தேடி வளைந்து வளைந்து போய், இரை கிடைத்ததும் புற்றுக்கு நேர்கோட்டில் திரும்பும். வானத்து ஒளியின் முனைவாக்கத்தைக் கண்ணால் படித்துத் திசை அறிகிறது என்று ரூடிகர் வெனர் பல பத்தாண்டு ஆராய்ந்து காட்டினார். தூரத்தை எப்படி அறிகிறது? 2006-இல் மத்தியாஸ் விட்லிங்கரும் வெனரும் ஹரால்ட் வோல்ஃபும் இரையிடம் வந்துசேர்ந்த எறும்புகளின் கால்களில் பன்றி மயிரை ஒட்டி உயரமாக்கினார்கள். பொய்க்கால் எறும்பு புற்றைத் தாண்டிப் போய் நின்று தேடியது. கால் குறைக்கப்பட்டவை புற்றுக்கு முன்பே நின்றுவிட்டன. எறும்பு எட்டுகளை எண்ணுவதுபோல் ஏதோ செய்கிறது. இந்த முறையில் வழி காணும் ரோபோக்கள் சஹாராவிலும் மார்செய்யிலும் ஓடியிருக்கின்றன. ஒன்றிணைந்த கணக்கே அனுபவம் என்றால் இந்த ரோபோக்களுக்கும் அனுபவம் கொடுக்க வேண்டிவரும். அதற்குத் துணிபவர் குறைவு.

வேறுபாடு கணக்கில் இல்லை, கணக்கு யாருக்காக என்பதில் இருக்கிறது. ஆண் பட்டுப்பூச்சி கூட்டைவிட்டு வந்தபின் உண்பதில்லை. வாய் வேலை செய்யாது. புழுவாக இருந்தபோது சேர்த்த சத்தைச் செலவழித்துக்கொண்டு சில நாள் வாழ்கிறது. அந்த நாட்கள் முழுவதும் ஒரே தேடல். தேடல் தோற்றால் அந்தப் பூச்சிக்கு ஏதோ போய்விடுகிறது. ட்ரோனின் மின்கலம் தீர்ந்தால் ட்ரோனுக்கு ஒன்றும் போவதில்லை, ஆய்வாளரின் மாலைப்பொழுதுதான் போகிறது. மேனியைக் காத்துக்கொள்ளும் தேவை எங்கே இருக்கிறதோ அங்கேதான் விருப்பு, வெறுப்பு என்ற சொற்களுக்கு இடம் உண்டு என்பது இந்தக் கட்டுரையின் நிலை. இது நிரூபணம் ஆகாது. ஆனாலும் நியாய சூத்திரத்தின் பட்டியலில் முயற்சிக்கு முன்னால் விருப்பும் வெறுப்பும் நிற்பதை நினைத்துப் பார்க்கலாம். ரோபோ முயற்சியை மட்டும் கடன் வாங்கியிருக்கிறது.

பூச்சிமேல் அவசரத் தீர்ப்பு எழுதுவதில் ஓர் எச்சரிக்கைக் கதையும் உண்டு. ஃபாப்ர் இன்னொரு சோதனையும் செய்தார். ஸ்பெக்ஸ் என்ற குளவி, பிடித்த பூச்சியை வளைவாசலில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்து வரும். அந்த நேரத்தில் இரையைச் சற்றே தள்ளிவைத்தால், மீண்டும் வாசலுக்கு இழுத்துவந்து மீண்டும் உள்ளே போய்ப் பார்க்கும். நாற்பது முறை தள்ளினார், நாற்பது முறையும் அதே. டக்ளஸ் ஹாஃப்ஸ்டாட்டர், டேனியல் டென்னெட் முதலான சிந்தனையாளர்கள் வழியாக இது மனமற்ற பொறிக்கு இலக்கணமாகவே ஆகிவிட்டது. ஆனால் வேறொரு குடியிருப்பின் குளவிகள் இரண்டு மூன்று முறைக்குப் பிறகு ஏமாறாமல் இரையை நேரே உள்ளே இழுத்துப்போனதையும் ஃபாப்ரே எழுதியிருந்தார். கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னவர்கள் பலரும் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள் என்று தத்துவ அறிஞர் ஃபிரெட் கெய்சர் 2013-இல் விரிவாகக் காட்டினார்.

நம் பழைய நூல்களும் இந்த விஷயத்தில் முழுக்கத் தப்பவில்லை. ஒவ்வொரு புலனால் ஒவ்வோர் உயிர் அழிகிறது, மான் ஓசையால், யானை தொடுகையால், விட்டில் ஒளியால், மீன் சுவையால், வண்டு மணத்தால் என்று விவேகசூடாமணி அடுக்கும். அங்கே வண்டு மனிதனுக்குப் பாடம். வண்டுக்கு என்ன நேர்கிறது என்பது பேச்சில்லை. இன்றைய ஆய்வுக்கூடத்தில் அந்துப்பூச்சி ட்ரோனுக்கு வரைபடம். இரண்டு இடத்திலும் பூச்சி வேறொருவருக்குப் பயன்படுகிறது. பூச்சியைப் பூச்சிக்காகவே எண்ணியவர்கள் சமணர்கள். எறும்புக்குத் தொடுதல், சுவை, மணம் என்று மூன்று புலன், வண்டுக்குக் கூடுதலாகப் பார்வை என்று தத்துவார்த்த சூத்திரம் வரிசைப்படுத்தியது பட்டியல் ஆசையால் அல்ல. எந்த உயிருக்கு என்ன வலிக்கும் என்று தெரிந்தால்தான் துறவி அடியெடுத்து வைக்க முடியும். வானத்து ஒளியைப் படிக்கும் எறும்புக்குப் பார்வை இல்லை என்றது பிழைதான். ஆனால் கேள்வி சரியான இடத்தில் எழுந்தது.

அந்தக் கேள்வி இப்போது அவசரமாகிவிட்டது. செயின்ட் லூயிஸ் நகரில் பரணி ராமன் குழு வெட்டுக்கிளிகளின் மூளையில் மின்முனை செருகி, வெடிபொருள் ஆவிகளை அவற்றின் நரம்புத் துடிப்பிலிருந்து இனம்பிரித்து 2020-இல் காட்டியது. கண்ணிவெடியும் வாயுக்கசிவும் கண்டுபிடிக்கும் கருவிகள் மனித உயிரைக் காக்கும். அந்தப் பயனை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2024 ஏப்ரலில் நியூயார்க்கில் வெளியான விலங்கு உணர்வுப் பிரகடனம், பூச்சிகளுக்கும் உணர்வனுபவம் இருக்க மெய்யான வாய்ப்பு உண்டு, அந்த வாய்ப்பைப் பொருட்படுத்தாமல் முடிவெடுப்பது பொறுப்பற்றது என்று சொன்னது. பல துறை அறிஞர்கள் அதில் கையெழுத்திட்டார்கள்.

சட்டங்கள் அந்த அளவுக்கு வரவில்லை. அமெரிக்க விலங்கு நலச் சட்டம் வெப்ப இரத்த விலங்குகளோடு நின்றுவிடுகிறது. பிரிட்டன் 2022-இல் இயற்றிய சட்டம் முதுகெலும்பிகளோடு நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ் வரை உணர்வுள்ள உயிர்கள் என்று ஏற்றுக்கொண்டது; பூச்சிகளை ஏற்கவில்லை. தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் ஒரே இடத்தில் வைத்து நான்கறிவுயிர் என்கிறது. லண்டன் சட்டமோ அந்த இரண்டையும் பிரித்துவிட்டது. இந்தியாவின் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமோ, மனிதரல்லாத எந்த உயிரையும் விலங்கு என்றே வரையறுக்கிறது. சொல்லளவில் பட்டுப்பூச்சியும் அதற்குள் வரும்.

ஸ்மெலிகாப்டர் கட்டிய வாஷிங்டன் குழு உணர்கொம்பை வெட்டுவதற்கு முன் அந்துப்பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கியது. அந்த நாட்டுச் சட்டம் அப்படிக் கேட்கவில்லை. பூச்சி அசையாமலிருப்பது வேலைக்கு வசதி என்றும் அதை விளக்கலாம். வலிக்கக்கூடும் என்ற எண்ணமும் அதில் இருந்திருக்கலாம். எதுவானாலும் அதை அந்தந்தக் குழுவின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது. இந்தியாவில் பூச்சிகளை வைத்து ரோபோ ஆய்வு செய்யும் எந்தக் கூடத்திலும், எலி ஆய்வுக்கு நிரப்பும் அனுமதிப் படிவத்தில் பூச்சிக்கும் சில வரிகள் வேண்டும்: எத்தனை பூச்சி, எதற்காக, வெட்டுவதற்கு முன் என்ன செய்யப்படும், வெட்டியபின் அந்தப் பூச்சி என்ன ஆகும். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறை அதற்கு இடம் கொடுத்துக் காத்திருக்கிறது.